செத்த சிப்பி ஏன் வாய் பிளக்கிறது?

மகாவலி ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் திட்டுத் தெரியும் நாட்களில் செத்த சிப்பிகள் வாய் பிளந்தே கிடக்கும். இரண்டு ஓடுகளையும் முதுகுப் பக்கத்தில் பிணைக்கும் மீள்தன்மையுள்ள இழையம் அவற்றை எப்போதும் திறக்கவே பார்க்கும். மூடிப் பிடிப்பது உள்ளே உள்ள இரண்டு தசைகள். உயிர் போனால் தசை தளரும், ஓடு திறந்துவிடும்.

இலங்கையின் நன்னீரில் வாழும் லமெலிடென்ஸ், பரேசியா இனச் சிப்பிகளும் இப்படித்தான். இவற்றுக்குத் தலை இல்லை. குடலோ இதயத்தின் நடுவாகவே ஊடுருவிப் போகிறது! மணலில் பாதி புதைந்தபடி, செவுளில் உள்ள நுண்மயிர்களை அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுக்கும். சுவாசமும் சாப்பாடும் அதே தண்ணீரில்தான். பாசித் துகள்கள் சளியில் ஒட்டி வாய்க்குப் போகும். வேண்டாத வண்டலை விழுங்காமலே சளியில் உருட்டி வெளியே தள்ளிவிடும். ஆனால் தேயிலைச் சரிவுகளில் அடைமழை அள்ளிவரும் மண் அளவு மீறினால், அதைத் தள்ளுவதிலேயே அதன் சக்தி தீர்ந்துபோகும்.

ஓடு கல்சியம் காபனேற்றால் ஆனது. தண்ணீரிலிருந்தும் உணவிலிருந்தும் எடுக்கும் கல்சியத்தை, உடலைப் போர்த்திய மெல்லிய தோல் படலம் விளிம்பில் சேர்த்துக்கொண்டே போகும். அமிலத்தன்மையுள்ள நம் தேயிலை மண்ணுக்கு, அமிலத்தைத் தணிக்க டொலமைட் என்னும் சுண்ணாம்புக் கல் தூள் போடுகிறோமே, அதே அமிலம் தண்ணீரில் இருந்தால் சிப்பியின் ஓட்டையும் அரிக்கும். அதைத் தடுப்பது ஓட்டின் மேலுள்ள பழுப்புத் தோல். ஓட்டின் மிகப் பழைய இடமான முதுகுப்புற மேட்டில் அந்தத் தோல் முதலில் தேயும். அங்கே வெள்ளையாகச் சொரசொரத்திருந்தால், அது அரிப்பின் தடம்.

எனக்கு இதில் பெரிய வியப்பு குஞ்சுகள்தான். தாய்ச் சிப்பி தன் செவுளுக்குள் முட்டைகளை வளர்த்து, மணலை விடச் சிறிய குடம்பிகளை, அதாவது உருமாறாத குஞ்சுகளை, வெளியே விடும். அவை மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொள்ள வேண்டும். மீனின் திசு அவற்றைச் சுற்றி மூடும். உள்ளே உருமாறி, பிறகு குட்டிச் சிப்பியாக ஆற்றடியில் விழும். தகுந்த மீன் கிடைக்காதவை செத்துப்போகும். நகர்ந்து போகப் பெரிதும் இயலாத சிப்பி மேல்நோக்கி ஆறு ஏறுவதும் மீனின் தயவால்தான். பொல்கொல்லையில் 1976இலும், கொத்மலையிலும் விக்டோரியாவிலும் 1985இலும் எழுந்த அணைகளை மீன் தாண்ட முடியாவிட்டால், குடம்பியாலும் தாண்ட முடியாது.

அதனால் சிப்பிகள் இன்னும் பெருகுகின்றனவா என்று அறிய, ஆற்றில் பெரிய சிப்பிகளை மட்டும் எண்ணுவது போதாது. அவை பல்லாண்டு வாழக்கூடியவை. இனப்பெருக்கம் நின்ற பிறகும் மணலில் இருக்கும். நகத்தளவுச் சிப்பிகள் இருக்கின்றனவா என்று மணலைச் சலித்துத்தான் பார்க்க வேண்டும்.