வீட்டுக்கு ஏது ‘குறைந்தபட்சம்’?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் விளம்பரத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஈப்போ பக்கம் எழும்பப்போகும் அடுக்குமாடி வீடுகள். படத்தில் பூச்சு பூசாத சிமெண்டுச் சுவர், கறுப்பு இரும்புச் சட்டத்தில் ஒற்றைத் தட்டு, கூரையில் மூடாமல் விட்ட குழாய்கள், ஒரு மேசை, நான்கு நாற்காலி. கீழே எழுதியிருந்தது: ‘தொழில்துறைப் பொருட்களுடன் நவீன குறைந்தபட்சக் குடும்ப வீடு’.

இந்தக் ‘குறைந்தபட்ச’த்தை முன்பே வானொலியில் கேட்டிருக்கிறேன். மகளின் பள்ளிக் கட்டுரையில் சிவப்பு மையால் அடித்தும் இருக்கிறேன். இது மூன்றாவது முறை. தாளை அப்பாவிடம் காட்டினேன். முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“குறைந்தபட்ச வீடுன்னா, நமக்குத் தோட்டத்துல கொடுத்தாங்களே, அதுதானேய்யா? அதுக்கா இவ்வளவு விலை?”

அப்பா சரியாகத்தான் படித்தார்.

தேவைக்கு மேல் எதையும் வைக்காத பாணிக்கு ஆங்கிலத்தில் மினிமலிசம் என்று பெயர். அதைத்தான் தாளில் ‘குறைந்தபட்சம்’ ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் ‘மினிமுஸ்’ என்னும் லத்தீன் சொல். மிகச் சிறியது என்று பொருள். 1965-இல் ரிச்சர்ட் வோல்ஹைம் என்ற ஆங்கிலேய மெய்யியல் அறிஞர் ‘மினிமல் ஆர்ட்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பெயர் ஓவியம், சிற்பம் என்று பரவி வீட்டுக்குள்ளும் வந்தது. டொனால்ட் ஜட் என்ற அமெரிக்கச் சிற்பி 1968-இல் நியூயார்க்கில் ஓர் ஐந்து மாடிக் கட்டடம் வாங்கினார். 1870-இல் வார்ப்பிரும்பு முகப்போடு எழும்பிய கட்டடம் அது. தூங்க ஒரு தளம், வேலை செய்ய ஒரு தளம் என்று பிரித்து, மனைவி பிள்ளைகளோடு அதில் குடியிருந்தார். துத்தநாகம் பூசிய இரும்பும் ஒட்டுப்பலகையும் அவர் சிற்பங்களின் பொருள்கள். இன்றைய விளம்பரப் படங்களுக்கு அவர் வீடு ஒரு முன்னோடி. தன்னை மினிமலிஸ்ட் என்று பிறர் சொல்வதை மட்டும் அவர் ஏற்கவே இல்லை.

இனி ‘குறைந்தபட்சம்’. பட்சம் வடசொல், பக்கம் என்று பொருள். வடசொல் என்பதற்காக மட்டும் நான் சண்டைக்கு வரவில்லை. தோட்டப் பட்டணத்தில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. மாதச் சம்பளம் கேட்டு எத்தனையோ காலம் போராடிய பிறகு, 2013 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளி என்று வந்ததே, அது குறைந்தபட்சச் சம்பளம். தொழிலாளிக்குக் கொடுக்கும் வீடு எந்தத் தரத்துக்குக் கீழே போகக்கூடாது என்று 1990-இல் 446-ஆவது சட்டம் வகுத்ததே, அது குறைந்தபட்ச வீடு. இதற்குக் கீழே இறங்காதே என்று முதலாளிக்குப் போட்ட கோடு அது. அந்தக் கோட்டின்மேல் வாழ்ந்தவர்களுக்கு அதை யாரும் அழகு என்று விற்க முடியாது.

எங்கள் லயத்து வீட்டு அடுக்களையில், பலகைச் சுவரில் அம்மா ஒரே தட்டு அடித்து வைத்திருந்தார். அதில் பெரிதிலிருந்து சிறிதாக ஆறு எவர்சில்வர் டப்பாக்கள். கடைசி டப்பாவின் மூடி நசுங்கியிருக்கும். அதைத் திறக்கக் கரண்டிக் காம்பு வேண்டும். ஏழாவது டப்பா வாங்கக் காசில்லை. விளம்பரப் படத்திலும் அதே ஒற்றைத் தட்டுதான். ஆனால் ஏழாவதை வாங்க முடிந்தும் போதும் என்று நிறுத்தியவருடைய வீடுதான் மினிமலிச வீடு. அம்மாவுக்கு வாய்த்தது குறைந்தபட்சம். இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பவரை நான் மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லமாட்டேன்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘சிறுமவாதம்’ என்கிறார்கள். கணக்கில் பெருமம், சிறுமம் நல்ல சோடி. வீட்டுக்கு வந்ததும் சிறுமையின் வாடை ஒட்டிக்கொள்கிறது. வாதம் எதற்கு? வீடு யாரோடும் வாதாடவில்லை. ‘எளிமை’ அழகான சொல்தான், ஆனால் ஏழை எளியவர் என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ‘சிக்கனம்’ பணத்தைப் பற்றியது. சிமெண்டுத் தரையை மெருகேற்றுவது மலிவான வேலை இல்லை.

நான் சொல்வது ‘அடக்கம்’. அடங்கு என்ற வினைக்கு ஓர் எல்லைக்குள் கொள்ளுதல் என்றும், தன்னைக் கட்டுக்குள் வைத்தல் என்றும் இரண்டு பொருளும் உண்டு. கைக்கு அடக்கமான பெட்டி என்கிறோம். லாபம் சேர்க்காத விலையை அடக்க விலை என்கிறோம். வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அதில் 126-ஆவது குறளில் ஓர் ஆமை வருகிறது. உறுப்புகளெல்லாம் இருந்தும் தானே ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமை. இருந்தும் நீட்டாமல் இருப்பதுதானே இங்கே வேண்டிய பொருள்? நல்லடக்கம் என்று சாவு அறிவிப்பில் வருகிறதே என்பார்கள். வரட்டும். ‘அடக்கமான வீடு’ என்று கேட்டதும் யாருக்கும் இடுகாடு நினைவுக்கு வருவதில்லை.

‘இண்டஸ்ட்ரியல்’ என்பதற்குப் போட்ட ‘தொழில்துறைப் பொருட்கள்’ இன்னொரு கோளாறு. தொழில்துறை என்றால் அமைச்சும் முதலீடும் நினைவுக்கு வரும். குழாயும் இரும்பும் வராது. ஆலைப் பாணி என்றால் போதும். எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இரும்புத் தூணும் தகரமும் உடனே கண்ணில் நிற்கும். செம்பனை என்ற சொல்லையே பாருங்கள். பழுத்த குலையின் நிறம் பெயரிலேயே இருக்கிறது. பொருளைக் கண்ணால் பார்த்தவர் வைத்த பெயர் அப்படித்தான் இருக்கும். இன்றைக்கு எழுதுகிறவர்கள் அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் படத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: ‘ஆலைப் பாணியில் அடக்கமான குடும்ப வீடு’. அப்பா வாங்கிப் படித்தார். இந்தத் தடவை விலையைப் பற்றிக் கேட்கவில்லை. துணி காயப்போட எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்று படத்தில் தேட ஆரம்பித்தார்.