படம் உடைகிறதா, நிற்கிறதா?

பதிவு செய்துவைத்த தொலைக்காட்சி நிகழ்ச்சி கணினித் திரையில் சரியாக ஓடாவிட்டால் முதல் பழி வைஃபை மீதுதான் விழுகிறது. அடுத்த பழி இணைய நிறுவனத்தின் மீது. வேகமான திட்டத்துக்கு மாறுவார்கள், புது ரவுட்டர் வாங்குவார்கள், படம் மட்டும் பழையபடியே தடுமாறும். கூடத்தில் இருக்கும் பதிவுப் பெட்டியிலிருந்து படுக்கையறை மடிக்கணினிக்குப் படம் போகும் பாதையில் வெளி இணைய இணைப்பு குறுக்கே வருவதே இல்லை. ரவுட்டரிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் அந்தப் பாதை அப்படியேதான் இருக்கும். இணைய வேகத்தை அளந்து காட்டும் தளங்களில் வரும் எண்ணுக்கும் இந்தச் சிக்கலுக்கும் தொடர்பில்லை என்பது அதனால்தான்.

கோளாறு எங்கே என்பதைப் படமே சொல்லிவிடும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: படம் கட்டம் கட்டமாக உடைகிறதா, அல்லது அப்படியே உறைந்து நிற்கிறதா? இரண்டும் ஒரே எரிச்சலைத் தந்தாலும் காரணங்கள் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன.

இந்த ஏற்பாடு அதிகம் புழங்கும் அமெரிக்க வீட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே 2009 ஜூன் மாதத்தில் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்று, எல்லாம் டிஜிட்டலானது. கூரை ஆன்டெனாவில் கட்டணமில்லாமல் உயர்தரப் படம் கிடைக்கிறது. ஆன்டெனாக் கம்பியை ஹெச்டிஹோம்ரன் போன்ற ஒரு ட்யூனர் பெட்டியில் செருகுகிறார்கள். அது வானலையில் வரும் நிகழ்ச்சியை அப்படியே வீட்டு வலையமைப்புக்குள் தள்ளிவிடும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியோ, வலையமைப்பில் இணைந்த வன்தட்டுகள் கொண்ட சேமிப்புப் பெட்டியோ அதைக் கோப்பாக எழுதிவைக்கும். பிறகு வேண்டிய நேரத்தில் ப்ளெக்ஸ், விஎல்சி போன்ற மென்பொருள் வழியாக எந்த அறையிலும் பார்க்கலாம்.

அந்த ஒளிபரப்பு முறையில் ஓர் அலைவரிசையின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் வினாடிக்கு அதிகபட்சம் 19.39 மெகாபிட் தரவு போகும் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). ஒரு மணி நேரப் பதிவு அந்த உச்சத்திலேயே ஓடினால் ஏறத்தாழ 8.7 ஜிகாபைட். அதே அலைவரிசையில் சேர்ந்து வரும் துணைச் சேனல்களும் இதே இடத்தைப் பங்குபோடுவதால் நடைமுறையில் ஒரு நிகழ்ச்சிக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் வினாடிக்கு இரண்டரை மெகாபைட் கடந்தால் போதும். சாதாரண 100 மெகாபிட் கம்பி இணைப்புக்குக்கூட இது ஐந்தில் ஒரு பங்கு வேலைதான்.

இந்தத் தரவு 188 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டு வருகிறது. ஒவ்வொரு பொட்டலமும் 71 என்ற எண்ணில் தொடங்கும். பொட்டலத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். தலைப்பகுதியில் 0 முதல் 15 வரை சுழலும் ஒரு வரிசை எண் இருக்கும். 6-க்கு அடுத்து 8 வந்தால் நடுவில் ஒன்று தொலைந்துவிட்டது என்று பொருள். ஈதர்நெட் என்ற கம்பி வலையமைப்பு ஒரு தடவைக்கு அனுப்பும் கட்டான சட்டகத்தில் 1500 பைட்தான் அடங்கும் என்பதால், ஏழு பொட்டலங்களைச் சேர்த்து 1316 பைட்டாகக் கட்டி அனுப்புவது வழக்கம். ஒரு சட்டகம் தொலைந்தால் ஏழும் போச்சு.

தொலைந்தால் திரையில் என்ன ஆகும்? இந்த ஒளிபரப்பு படத்தைச் சுருக்கப் பயன்படுத்தும் எம்பெக்-2 முறையில் எல்லாப் படங்களும் முழுதாக அனுப்பப்படுவதில்லை. ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒருமுறை ஒரு முழுப்படம் வரும். இடையில் வருபவை முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. ஒரு குறிப்பு சிதைந்தால் அதன்மேல் கட்டப்பட்ட அடுத்தடுத்த படங்களும் சிதையும். செய்தி வாசிப்பவரின் கன்னம் பச்சைக் கட்டமாகி, தலையை அசைத்தால் கூடவே இழுபட்டு, அடுத்த முழுப்படம் வந்ததும் சட்டென்று சரியாவது இதனால்தான்.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். பதிவான கோப்பு சேமிப்புப் பெட்டியிலிருந்து கணினிக்கு டிசிபி என்ற நெறிமுறை வழியாகவே வருகிறது. ஒப்புகைச் சீட்டுடன் அனுப்பும் பதிவுத் தபால் போன்றது அது. பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். ஆகவே வைஃபை எவ்வளவு மோசமாக இருந்தாலும் கோப்பின் ஒரு பைட்கூடக் காணாமல் போகாது. தாமதமாக வரும், அவ்வளவுதான். தாமதம் கன்னத்தைக் கட்டமாக்காது. படத்தை உறையவைக்கும், வட்டத்தைச் சுற்றவைக்கும்.

எனவே பதிவில் கட்டங்கள் உடைந்தால் அந்தக் காயம் பெரும்பாலும் பதிவான அன்றே பட்டது. சோதிப்பது எளிது. உடைந்த இடத்திலிருந்து பத்து வினாடி பின்னே போய் மறுபடி ஓடவிடுங்கள். அதே நொடியில், அதே கன்னத்தில் கட்டம் வந்தால் கோப்பே சிதைந்திருக்கிறது. ரவுட்டரை நூறு முறை அணைத்துப் போட்டாலும் அது மாறாது. விஎல்சியில் கண்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்தி, புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தால் சிதைந்தவை, விடுபட்டவை என்ற எண்ணிக்கைகள் அந்த இடத்தில் ஏறுவது தெரியும்.

கோப்பு சிதைய முதல் காரணம் ஆன்டெனா. ஒளிபரப்பிலேயே பிழைதிருத்தம் உண்டு: 207 பைட் கொண்ட ஒரு தொகுதியில் 10 பைட் வரை கெட்டுப்போனாலும் ட்யூனர் பெட்டி தானே சரிசெய்துகொள்ளும். பதினொன்று கெட்டால் கைவிட்டுவிடும். அனலாக் காலத்தில் அலை பலவீனமானால் படத்தில் புள்ளிகள் மெல்ல மெல்லக் கூடும், நமக்கும் எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. கடைசி நொடிவரை படம் கண்ணாடியாக இருந்துவிட்டு அடுத்த நொடி நொறுங்கும். தளர்ந்த இணைப்பு, மழைநீர் இறங்கிய கம்பி, காற்றில் ஆடும் மரம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. அமெரிக்காவில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 36-ஆம் சேனலுக்கு மேலிருந்த தொலைக்காட்சி அலைவரிசைகள் 2017-இல் முடிந்த ஏலத்தில் கைபேசி நிறுவனங்களுக்குப் போயின. பழைய ஆன்டெனாப் பெருக்கிகள் அந்த அலைகளையும் சேர்த்தே பெருக்குகின்றன. பக்கத்தில் கைபேசிக் கோபுரம் இருந்தால் பெருக்கி திணறிவிடும். பெருக்கியைக் கழற்றினால் படம் சரியாவதும் உண்டு. அதிகம் பெருக்கினால் அதிகம் தெளிவு என்று நினைப்பவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

வலையமைப்பு முழுக்க நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. ட்யூனரிலிருந்து பதிவு செய்யும் கணினிக்கு வரும் பாதை யுடிபி என்ற நெறிமுறையில் இருந்தால் அங்கே ஒப்புகையும் கிடையாது, மறுமுறை அனுப்புவதும் கிடையாது. அந்தக் கணினி வைஃபையில் இருந்தால் அன்று தொலைந்தது தொலைந்ததுதான்; ஓட்டை கோப்பிலேயே பதிந்துவிடும். பதிவு செய்யும் கணினியை மட்டுமாவது கம்பியில் இணையுங்கள்.

இப்போது உறைந்து நிற்கும் படம். இங்கே வைஃபையைச் சந்தேகிப்பது நியாயம். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சேமிப்புப் பெட்டியும் மடிக்கணினியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு பைட்டும் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு மறுமுறை என்று காற்றில் இரு தடவை பறக்க வேண்டும். கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். அட்டையில் போட்டிருக்கும் வேகம் வேறு, கையில் கிடைப்பது வேறு: 54 மெகாபிட் என்று விற்ற பழைய வைஃபை நடைமுறையில் கொடுத்தது 20-25 மெகாபிட்தான். ஒரு நிகழ்ச்சிக்கே அது மயிரிழையில் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இருந்தால் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில் இரைச்சல் போடும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் படம் நின்றால் சமையலறையைப் பாருங்கள்.

வேகத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். அதே கோப்பை மடிக்கணினிக்கு நகலெடுத்துப் பாருங்கள். வினாடிக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் நிலையாக ஓடினால் வலையமைப்பில் குறையில்லை. சராசரி நன்றாக இருந்து, இடையிடையே சுழியத்துக்கு விழுந்து எழுந்தால் அதுதான் வில்லன். சில மடிக்கணினிகள் அவ்வப்போது பக்கத்து வைஃபைகளைத் தேடிப்பார்க்கும். அந்தக் கணம் தரவு நிற்கும். மென்பொருள் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் தரவு, அதாவது முன்சேமிப்பு, அந்த இடைவெளியைத் தாங்கினால் நாம் அறியவே மாட்டோம். விஎல்சியில் அந்த அளவை மில்லிவினாடிக் கணக்கில் கூட்டலாம். மூன்று வினாடிக்கு வைத்தால் ஏழெட்டு மெகாபைட் நினைவகம் செலவாகும். இன்றைய கணினிக்கு அது தூசு. வைஃபை எட்டாத அறைக்கு அமெரிக்க வீடுகளில் இன்னொரு வழி இருக்கிறது. சுவருக்குள் ஏற்கெனவே கேபிள் டிவிக் கம்பி ஓடுகிறது. மோகா என்ற முறையில் அதிலேயே வீட்டு வலையமைப்பை ஓட்டலாம். அது பயன்படுத்தும் அலைவரிசை ஆன்டெனாப் படத்தின் எல்லைக்கு வெகு மேலே இருப்பதால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

நகலெடுப்பு வேகமாக இருந்தும் படம் நின்று நின்று ஓடினால் குற்றவாளி சேமிப்புப் பெட்டியின் செயலி (ப்ராசசர்). குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளுக்கு எம்பெக்-2 படம் தெரியாது. ஆகவே உலாவி வழியாகப் பார்க்கும்போது ப்ளெக்ஸ் ஒவ்வொரு படத்தையும் பிரித்து, உலாவிகளுக்குத் தெரிந்த ஹெச்.264 வடிவில் மறுபடி கட்டி அனுப்புகிறது. அதை ஓட்டத்தோடு ஓட்டமாகச் செய்ய வலு வேண்டும். விலை மலிந்த சேமிப்புப் பெட்டியால் ஒரு வினாடிப் படத்தை ஒரு வினாடிக்குள் மாற்ற முடியாது. சிறிது ஓடும், நிற்கும், மறுபடி சிறிது ஓடும். அதே கோப்பை நேரடியாக விஎல்சியில் திறந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். இப்படி இரண்டையும் ஒப்பிட்ட பிறகும் ரவுட்டர் கடைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பந்து விளையாட்டில் உருவங்களின் ஓரம் சீப்புப் பற்கள் போலத் தெரிந்தால் அதுவும் கோளாறல்ல. அமெரிக்காவின் என்பிசி, சிபிஎஸ் நிலையங்களின் 1080ஐ வகைப் படம் ஒற்றை வரிகள் தனி, இரட்டை வரிகள் தனி என்று வருகிறது. அவற்றை இணைக்கும் வசதியை மென்பொருளில் இயக்கினால் போதும்.

கேள்விப்பட்டால் சிரிப்பு வரும் கோளாறு ஒன்று உண்டு. இரண்டு மணி நேரப் பதிவின் நீளம் 26 மணி என்று காட்டும், முன்னே தள்ளினால் எங்கோ போய் விழும். ஓட்டத்துக்குள் இருக்கும் கடிகாரம் 33 பிட் அளவுள்ளது. வினாடிக்கு 90,000 என்று எண்ணிக்கொண்டே போய் இருபத்தாறரை மணி நேரத்தில் நிரம்பி, மறுபடி சுழியத்தில் தொடங்கும். நிகழ்ச்சியின் நடுவே அந்தத் திருப்பம் அகப்பட்டுக்கொண்டால் சில மென்பொருள்கள் கணக்கில் குழம்பிவிடும். கோப்பில் குறையில்லை.

ட்யூனர் பெட்டியோ சேமிப்புப் பெட்டியோ கணினியின் பட்டியலிலேயே வரவில்லை என்றால் அது வேறு கதை. யார் யார் இருக்கிறீர்கள் என்று வீட்டுக்குள் எல்லாருக்குமாகக் கூவித்தான் இந்தக் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. விருந்தினர் வைஃபை, விபிஎன், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள், பொது இடம் என்று குறித்துவைத்த விண்டோஸ் இணைப்பு ஆகிய எதுவும் அந்தக் கூவலைத் தடுக்கும். பெட்டியின் ஐபி எண்ணை, அதாவது அதன் வலையமைப்பு முகவரியை, உலாவியில் நேரடியாகத் தட்டிப் பாருங்கள். திறந்தால் பாதையில் குறையில்லை, கூவல்தான் எட்டவில்லை.

கடைசியாக, பட்டியலில் பெயர் தெரிந்தும் திறக்க மறுக்கும் பதிவுகள். இது கோளாறே அல்ல, பூட்டு. 2005-இல் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டிகளை விற்ற அமெரிக்காவின் டிவோ நிறுவனம் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிக்கொள்ள வழி திறந்தபோதே கோப்புகளை அந்தந்த வாடிக்கையாளரின் பத்து இலக்க எண்ணால் பூட்டித்தான் கொடுத்தது. கேபிள் சேனல் ‘ஒரு நகல் மட்டும்’ என்ற குறியுடன் வந்தால் அப்படி மாற்றவும் முடியவில்லை. நம்மூர் டிடிஹெச் பெட்டியில் பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்து, பிறகு அதைக் கணினியில் திறக்கப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுவர் பழக்கமானது. அமெரிக்காவில் பரவிவரும் ஏடிஎஸ்சி 3.0 என்ற புதுத் தலைமுறை ஒளிபரப்பிலோ கட்டணமில்லாத ஆன்டெனாச் சேனல்களையே பல நிலையங்கள் குறியாக்கம் செய்து அனுப்புகின்றன. ஆகவே புதுப் பெட்டி வாங்கியபின் சில சேனல்கள் மட்டும் மடிக்கணினியில் கறுப்பாக இருந்தால், அதே பெட்டியில் பழைய முறைச் சேனல் ஒன்றைப் பதிவு செய்து ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் உங்கள் ஆன்டெனா, கம்பி, ரவுட்டர், கணினி நான்கும் ஒழுங்காகவே இருக்கின்றன.