அடித்தவர் ஒருவர், கை உயர்ந்தது இன்னொருவருக்கு

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற பெரிய குத்துச்சண்டை, திருநெல்வேலிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேரும். 2012 ஜூனில் மேனி பக்கியாவும் டிமோதி பிராட்லியும் மோதியதும் அப்படித்தான். முடிவில் ஜெயித்தவர் என்று பிராட்லியின் கையைத் தூக்கினார்கள். இந்தச் சண்டையைப் பற்றி பாளையங்கோட்டை டீக்கடையில் இன்று பேச்செடுத்தாலும் வருவது இதுதான்: “அடிச்சது பூரா அவம்லா அண்ணாச்சி! பெறவு இவன் கைய எதுக்குத் தூக்குதானுவ?” “துட்டு கைமாறியிருக்கும்லே, வேற என்ன?”

துட்டு விளையாடிய சண்டைகள் உண்டு. 1947-ல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதை ஜேக் லமோட்டா 1960-ல் அமெரிக்க செனட் குழுவின் முன் தானே ஒப்புக்கொண்டார். ஆனால் எந்தக் கையும் அழுக்காகாமலே கோணலான முடிவு வர முடியும். மதிப்பெண் போடும் முறைக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறது.

ரிங்கின் மூன்று பக்கங்களில் மூன்று ஜட்ஜுகள். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஒருமுறை கீழே விழுந்தால் வழக்கமாக 8. எதிராளியைச் சுத்தமாகக் குத்தினாரா, பலன் தரும்படி முன்னேறித் தாக்கினாரா, சண்டையைத் தன் போக்கில் இழுத்தாரா, தற்காப்பு எப்படி என்று நாலு விஷயம் பார்க்க வேண்டும். எதற்கு எத்தனை பங்கு என்று எண்ணில் வரையறை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 ரவுண்டில் 7 ரவுண்டை ஒருவர் இரண்டிரண்டு குத்து வித்தியாசத்தில் தட்டிச் செல்கிறார். மிச்சம் 5 ரவுண்டில் மற்றவர் ரவுண்டுக்கு 20 குத்து கூடுதலாக இறக்குகிறார், ஆனால் ஆள் விழவில்லை. மொத்தத்தில் இரண்டாமவர் 86 குத்து அதிகம். ஜட்ஜின் மதிப்பெண் அட்டையிலோ முதலாமவருக்கு 115, இரண்டாமவருக்கு 113. ஆள் விழாதவரை, ரவுண்டு மணி அடித்ததும் அந்த ரவுண்டின் வித்தியாசம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கிவிடும். நூலிழையில் போன ரவுண்டும் ஒரு புள்ளி, துவைத்துக் காயப்போட்ட ரவுண்டும் ஒரு புள்ளி.

பக்கியாவ் சண்டையில் இரண்டு ஜட்ஜுகள் பிராட்லிக்கு 115-113, ஒருவர் பக்கியாவுக்கு 115-113. குத்துகளைப் பொத்தான் தட்டி எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கில் பக்கியாவ் 253, பிராட்லி 159. இதற்கு மேலே சொன்ன கணக்கு மட்டும் சமாதானம் ஆகாது என்பது என் அபிப்பிராயம். உலகக் குத்துச்சண்டை அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஓ. பிறகு ஐந்து ஜட்ஜுகளைக் கூட்டி வீடியோவைப் போட்டுக் காட்டியபோது, ஐந்து பேருமே பக்கியாவுக்குத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் முடிவு மாறவில்லை.

அடுத்தது கண். ஜட்ஜ் உட்கார்ந்திருப்பது ஒரு பக்கத்தில். முதுகு காட்டி நிற்பவரின் மறைவில் போகும் குத்து அவருக்குத் தெரியாது. டிவி பார்ப்பவருக்கோ பல கேமராக்கள் இருக்கின்றன. 1999 மார்ச்சில் நியூயார்க்கில் லெனாக்ஸ் லூயிஸ் 348 குத்து இறக்கினார், இவாண்டர் ஹோலிஃபீல்டு 130. முடிவு டிரா. ஐந்தாம் ரவுண்டில் லூயிஸ் வெளுத்து வாங்கியதை உலகமே பார்த்தது. ஒரு ஜட்ஜ் அந்த ரவுண்டை ஹோலிஃபீல்டுக்கு எழுதியிருந்தார்.

கண்ணைவிடக் காது பொல்லாதது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 40 கால்பந்து நடுவர்களிடம் ஒரே ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டினார்கள். கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களைவிடச் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். குத்துச்சண்டையிலும் கூட்டத்தின் செல்லப்பிள்ளை கையை வீசினால், குத்து முழங்கையில் பட்டாலும் அரங்கம் அலறும்.

இதோடு நினைவும் சேர்கிறது. கடைசியில் பார்த்தது மனசில் கனமாக நிற்கும். 1987 ஏப்ரலில் மார்வின் ஹாக்லரோடு மோதிய சுகர் ரே லெனார்ட் இதை ஆயுதமாகவே எடுத்துக்கொண்டார். ரவுண்டு முடிய அரை நிமிஷம் இருக்கும்போது அவர் தரப்பு குரல் கொடுக்கும். உடனே படபடவென்று குத்துமழை. ஒரு ஜட்ஜ் லெனார்டுக்கு 118-110 போட்டார், இன்னொருவர் ஹாக்லருக்கு 115-113. ஒரே சண்டைக்கு இப்படி இரண்டு அட்டை! மூன்றாமவர் லெனார்ட் பக்கம் சாய, ஹாக்லரின் பட்டம் போனது. ஹாக்லர் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே இல்லை.

அப்படியானால் எந்திரத்திடம் விட்டுவிடலாமே? கம்பு நுனியில் சாயப்பொடி தடவி ஆடும் பழைய சிலம்ப முறையில் அடி உடம்பில் தடம் வைக்கும். ஆசான் பார்த்துச் சொல்லிவிடலாம். உறை போட்ட கை எந்தத் தடமும் வைக்காது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் 86 குத்து, கொரியாவின் பார்க் சி-ஹன் 32. ஜட்ஜுகளின் 3-2 தீர்ப்பில் தங்கம் பார்க்குக்குப் போனது. அந்த அவமானத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் கம்ப்யூட்டர் வந்தது. ஐந்து ஜட்ஜுகளில் மூன்று பேர் ஒரு விநாடிக்குள் பொத்தான் அழுத்தினால்தான் புள்ளி. விநாடிக்கு மூன்று நாலு குத்து விழும் இடத்தில் மனித விரல் என்ன செய்யும்? தொடர்குத்துகளில் பல கணக்கில் வராமல் போயின. விலாவில் இறங்கும் குத்துக்குப் புள்ளி கிடைப்பது அரிதானது. வீரர்களும் சுதாரித்துக்கொண்டு, தூர நின்று ஒற்றை ஒற்றையாகத் தொட்டுவிட்டு ஓடினார்கள். 2013-ல் அமெச்சூர் குத்துச்சண்டையும் அந்தப் பொத்தானைக் கைவிட்டு, தொழில்முறையின் பத்துப் புள்ளி முறைக்கே வந்து சேர்ந்தது.

ஹாக்லர் சண்டையின் வீடியோவைச் சத்தத்தை அணைத்து, ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நிறுத்தி, தாளில் எழுதிக்கொண்டே பாருங்கள். என் தாளில் ஹாக்லருக்கு 115-113 வந்தது. ஆனால் அதில் மூன்று ரவுண்டுகளை லெனார்டுக்குக் கொடுத்திருந்தாலும் நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன். அந்த 118-110 மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.