அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்

வாரத்துக்கு இரண்டு பேராவது நோயாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அப்படியே கூட்டி வந்தாலும் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மகன் முதலில் உள்ளே வருவார். கதவைச் சாத்துவார். குரலைத் தாழ்த்துவார். "டாக்டர், அப்பாவுக்கு விஷயம் தெரியாது. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

நான் பார்ப்பது வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை. பாலியேட்டிவ் கேர் என்றால் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்த வசனத்தை இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதத்துக்கு அப்புறம் பொறுமை போய்விட்டது.

அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். பெரியவருக்கு நுரையீரல் புற்றுநோய், எலும்பு வரை பரவியது. எட்டு மாதமாக அவரிடம் 'நெஞ்சில் சளி' என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் நடுராத்திரி மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ், ஐசியூ, தொண்டையில் குழாய், வென்டிலேட்டர். நான்காவது நாள் என்னைக் கூப்பிட்டார்கள். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் துணிக்கட்டால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நினைவு இருந்தது. வலது கைக்கட்டை அவிழ்த்து, அட்டையில் பேப்பரை வைத்துப் பேனாவைக் கொடுத்தேன். எழுத்தின் மேல் எழுத்தாக விழுந்தது. 'சா' என்ற ஓர் எழுத்துதான் தெளிவாக இருந்தது. "சாவி... பீரோ சாவியாப்பா?" என்றார் மகன். "சாமி. ஏதோ வேண்டுதல் இருக்கு" என்றார் மகள். இரண்டுக்கும் அவர் தலையசைக்கவில்லை. ஆறாவது நாள் இறந்துவிட்டார்.

எட்டு மாதம் வாய் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன். அப்போது யாரும் எதையும் கேட்கவில்லை.

"சொன்னா மனசு உடைஞ்சு போயிடுவார்." உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் 'புற்றுநோய்' என்று கொட்டை எழுத்தில் போர்டு இருக்கிறது. அல்சருக்கு யாருக்காவது முடி கொட்டுமா? பத்து வருடமாக வராத தங்கச்சி குடும்பம் ஹார்லிக்ஸோடு வந்து காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனால், ஏனென்று அவருக்குத் தோன்றாதா? என்னிடம் தனியாகப் பேசும் நோயாளிகளில் பெரும்பாலானோர் சொல்வது இதுதான்: "எனக்குத் தெரியும் டாக்டர், பசங்க பாவம், எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட காட்டிக்காதீங்க." வெளியே மகன் நடிக்கிறார், உள்ளே அப்பா நடிக்கிறார். நடுவில் நான் ரெஃப்ரியா?

சொல்வதென்றால் முகத்தில் அறைந்த மாதிரி ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. நான் முதலில் கேட்கிறேன்: "ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" அடுத்து: "விவரமெல்லாம் உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?" சிலர் "அவன்கிட்டயே பேசிக்குங்க" என்பார்கள். சரி, அது அவர் எடுத்த முடிவு, அத்தோடு விட்டுவிடுவேன். தெரிந்துகொள்கிறவர்கள் அழுவார்கள், இரண்டு நாள் தூங்க மாட்டார்கள். மூன்றாம் நாள் பாங்க் பாஸ்புக்கை எடுத்து வரச் சொல்வார்கள்.

அப்போதுதான் மற்ற பேச்சுக்கே இடம் கிடைக்கும். வென்டிலேட்டர் வேண்டுமா? இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி எழுப்பவா? கடைசி நாட்கள் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? தனக்குப் பேச முடியாமல் போனால் யார் பேசுவது? (இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில், விமானத்தில் வந்திறங்கும் பிள்ளை ஐசியூ வாசலில் நின்று "எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்" என்பார். கூடவே இருந்து மலம் மூத்திரம் அள்ளிய மருமகள் ஓரமாக நிற்பார்.)

இதை எழுதியே வைக்கலாம். தீவிரச் சிகிச்சை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. அப்போது நடைமுறை பெரிய தலைவலி, மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டும். 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து, உங்களுக்காக முடிவெடுக்க நம்பிக்கையானவர்களின் பெயர்கள், போதும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். இது கருணைக் கொலை இல்லை. ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் இன்றும் குற்றம்தான். தேறுவதற்கு வழியே இல்லை, பேசவும் முடியவில்லை என்ற நிலையில் மட்டுமே அந்தத் தாள் வெளியே வரும். அப்போதும் மூன்று மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். எழுதி பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். ஒரு பிரதி குடும்ப டாக்டரிடம் இருக்கட்டும்.

மார்ஃபின் பற்றி ஒரே ஒரு வார்த்தை. "அது கடைசிக்கு டாக்டர், இப்பவே வேண்டாம்" என்று மாத்திரையை ஒளித்துவைத்து, அப்பாவை ராத்திரி முழுக்க முனக விடாதீர்கள். வலிக்கு அளவு பார்த்துக் கொடுக்கிற மருந்து அது, சாவுக்கு நாள் குறிக்கிற மருந்து இல்லை. டாக்டர் சொல்லும் அளவில் கொடுத்தால் போதைக்கு அடிமையாவதும் அபூர்வம். மலச்சிக்கல் வரும், கூடவே அதற்கும் மருந்து எழுதியிருப்பேன், அதை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்க முடிவு செய்தால், நடுராத்திரி மூச்சு இரைக்கும்போது என்ன மருந்து, யாருக்கு போன் என்று முன்னாடியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பதற்றத்தில் கை ஆம்புலன்ஸ் நம்பரைத்தான் அழுத்தும், மறுபடி அதே ஐசியூ. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இந்தச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெரியவரை ஏற்கெனவே பார்த்துவரும் டாக்டரிடம், வீட்டில் உயிர் போனால் வந்து பார்த்துச் சான்று கொடுப்பீர்களா என்று வெட்கப்படாமல் கேட்டுவையுங்கள். துக்க வீட்டில் நின்றுகொண்டு டாக்டரைத் தேடி அலையும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பேச வேண்டாம். ஒரு சாயங்காலம், டிவியை அணைத்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு எப்படி வேணும்?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு பாட்டியிடம் அவர் பேத்தி கேட்டாள். "அந்த மூக்குக் குழாய் வேண்டாம், காபி மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாராம். கடைசி வாரம் பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தார்கள், சர்க்கரை தூக்கலாக.

அடுத்த முறை என்னிடம் வரும்போது ஃபைல் மறந்துபோனாலும் பரவாயில்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெஞ்சில் விட்டுவிடாமல் உள்ளே.