குழந்தையின் கால் வளைந்திருந்தால் மதுரையில் யாரைப் பார்ப்பது, எதைக் கேட்டு வாங்குவது

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாட்டிமார் கண்ணில்தான் இது முதலில் படும். பாதம் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருக்கும். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்பார் ஒருத்தர். நடக்க ஆரம்பித்தால் தானாக நேராகும் என்பார் இன்னொருத்தர்.

என் தங்கை மகனுக்கு இரண்டு பாதமும் அப்படித்தான் இருந்தன. உசிலம்பட்டிப் பக்கம் ஊர். பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில், "ஒரு வயசு ஆகட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி ஆறு வாரத்தை விட்டுவிட்டோம். ஒன்றரை மாதத் தடுப்பூசி போடப் போன இடத்தில் கிராம சுகாதாரச் செவிலியர்தான் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இதை ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதம்மா, காசே ஆகாது" என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு எங்கிருந்து வருகிறது, எதற்கெல்லாம் செல்லும் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மத்திய அரசு 2013 பிப்ரவரியில் தொடங்கி, மாநில அரசுகள் வழியாக நடத்தும் குழந்தைகள் நலத் திட்டத்தின் சீட்டு அது. அந்தத் திட்டத்தை ஆஸ்பத்திரியில் ஆர்.பி.எஸ்.கே. என்றே சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை 30 வகைக் குறைகளை முன்கூட்டியே கண்டுபிடித்து, இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்புவது இதன் வேலை. வளைந்த பாதம், பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருப்பது, முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது, வைட்டமின் டி குறைவால் எலும்பு வளைவது, உட்காரவும் நடக்கவும் தாமதமாவது எல்லாம் அந்த 30-க்குள் அடங்கும். இதற்கு வருமான வரம்பு கிடையாது. காப்பீட்டு அட்டை இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

குழந்தையைப் பார்ப்பதற்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரசவம் ஆனால் அங்கேயே பார்க்க வேண்டும். ஆறு வயது வரை அங்கன்வாடிக்கு நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை வரும். அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் வருடத்துக்கு ஒரு முறை வரும். குழு வரும் நாளைப் பால்வாடி டீச்சரிடம் முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில், கால் விந்தி நடக்கிற பிள்ளையை அன்றைக்குப் பார்த்து வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். அந்தப் பிள்ளைக்காகத்தான் அந்த வண்டியே வருகிறது.

குழு எழுதித் தரும் சீட்டோடு போக வேண்டிய இடம் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையம். இதையும் டி.இ.ஐ.சி. என்றுதான் சொல்வார்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், சிறப்பாசிரியர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. எலும்பு மருத்துவரைப் பார்க்க மதுரையில் கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். நம் பெரியவர்கள் வாயில் இன்னும் பெரியாஸ்பத்திரிதான். அங்கே எலும்புப் பிரிவைத் தேடும்போது பலகையில் "முடநீக்கியல்" என்ற சொல்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், அதுதான் நீங்கள் போக வேண்டிய இடம். சீட்டு கையில் இல்லாவிட்டாலும் நேராகப் போய் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். ஆனால் சீட்டு இருந்தால் பெயர் பதிவாகும், வராமல் நின்றுவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் இருப்பார். வருடக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு அது பெரிய துணை.

வளைந்த பாதத்துக்கு என்ன செய்வார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பயம் போவதற்காக. அமெரிக்காவின் அயோவாவில் வேலை பார்த்த இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் உருவாக்கிய முறை இது. பெரிய ஆபரேஷன் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பாதத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தொடை வரைக்கும் மாவுக்கட்டு போடுவார். அடுத்த வாரம் அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். அதன்பின் பல குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணைச் சின்னதாக வெட்டிவிடுவார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே இதைச் செய்யலாம். பிறகு மூன்று வாரம் கடைசிக் கட்டு. பிறந்து ஒன்றிரண்டு வாரத்திலேயே ஆரம்பித்தால் மிகவும் நல்லது, ஏனென்றால் அப்போது அந்தத் தசைநாண்கள் இளக்கமாக இருக்கும். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இதே முறையில்தான் முதலில் முயல்வார்கள்.

கட்டு போட்ட காலில் விரல் நுனிகள் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். விரலை லேசாக அழுத்தி விட்டால் வெளுத்துப்போய் உடனே மறுபடி சிவக்க வேண்டும். நீலமாகவோ சில்லென்றோ வீங்கியோ இருந்தால் இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நேற்றுத் தெரிந்த விரல்கள் இன்று கட்டுக்குள் மறைந்துபோனால் கட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம், அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. என் தங்கை ஒவ்வொரு இரவும் டார்ச் அடித்து பத்து விரலையும் எண்ணி எண்ணிப் பார்ப்பாள். கட்டு நனையாமல் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டாலே போதும்.

அப்புறம்தான் கஷ்டமான பகுதி. கட்டெல்லாம் முடிந்ததும் ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் பூட்டிய இரண்டு பூட்ஸ் தருவார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். அதன்பின் இரவுத் தூக்கத்துக்கும் பகல் தூக்கத்துக்கும் மட்டும், நாலைந்து வயது வரைக்கும். பாதம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், பிள்ளை ஓடி விளையாடும், எதற்கு இந்த இரும்பு என்று தோன்றும். "பச்சப்புள்ளய இப்படிக் கட்டிப் போட்டுருக்கியே" என்று விருந்துக்கு வந்தவர்கள் கண் கலங்குவார்கள். கழற்றி விட்டீர்கள் என்றால் பாதம் மறுபடி வளையும். திரும்ப வளைந்துபோகும் கால்களில் முக்கியமான காரணம் பூட்ஸை நிறுத்தியதுதான். வெளியே விலைக்கு வாங்கி வரச் சொன்னால் டி.இ.ஐ.சி.யில் சீட்டைக் காட்டி, இலவசமாகக் கிடைக்க வழி செய்யச் சொல்லிக் கேளுங்கள். விரல் நுனி பூட்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தால் அடுத்த அளவு கேட்கும் நேரம் வந்துவிட்டது.

எல்லா வளைவும் நோய் இல்லை. இரண்டு வயது வரை முழங்கால் வில் மாதிரி வெளியே வளைந்திருப்பதும், மூன்று நாலு வயதில் முட்டி இரண்டும் இடிப்பதும் வளர்ச்சியில் வந்துபோவதுதான். கையால் மெதுவாகத் திருப்பினால் நேராக வந்துவிடுகிற பிஞ்சுப் பாதமும் பெரும்பாலும் தானாகச் சரியாகும். திருப்பினாலும் வராமல் விறைப்பாக இருக்கும் பாதம்தான் கட்டுக்குப் போக வேண்டியது. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வயது ஏற ஏற வளைவு கூடினாலோ காட்டிவிடுங்கள்.

இடுப்பு மூட்டு விஷயம் கண்ணுக்கு லேசில் படாது. துணி மாற்றும்போது ஒரு பக்கத் தொடை மட்டும் விரியாமல் இருப்பது, இரண்டு தொடையின் மடிப்பும் ஒத்துப்போகாதது, ஒரு கால் கட்டையாகத் தெரிவது, இவைதான் அடையாளம். பெண் குழந்தைகளுக்கும், வயிற்றில் தலை மேலே இருந்த குழந்தைகளுக்கும் இது அதிகம். ஆறு மாதத்துக்குள் தெரிந்தால் வார் மாதிரி ஒரு பட்டையைக் கட்டியே சரிசெய்ய வாய்ப்பு உண்டு. நடக்கும் வயதில் தெரிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். பழைய வேட்டியில் குழந்தையைச் சுற்றும்போது இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றாதீர்கள். கால் மடங்கி விரிய இடம் இருக்கட்டும். நம் அம்மாக்கள் காலை அகட்டி இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறார்களே, அது அந்த மூட்டுக்கு நல்ல இருப்பு.

ஆண் பிள்ளைகளில் ஒன்றைக் கவனியுங்கள். கெண்டைக்கால் திரண்டிருக்கும், பயில்வான் மாதிரி இருக்கிறான் என்று தாத்தா பெருமைப்படுவார். ஆனால் தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறி நிற்பான், மாடிப்படி ஏறச் சிரமப்படுவான். மூன்று முதல் ஐந்து வயதில் இப்படித் தெரிந்தால் தசைச் சிதைவு நோயா என்று ஒரு ரத்தப் பரிசோதனை வழி காட்டிவிடும். இதை முழுதாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் சீக்கிரம் தெரிந்தால் மருந்தாலும் பயிற்சியாலும் நடக்கும் காலத்தை நீட்டிக்க முடியும். தசைச் சிதைவு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி கை கால் இயக்கக் குறைபாடும் தசைச் சிதைவும் 21 வகைக் குறைபாடுகளில் சேரும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மருத்துவச் சான்று கிடைத்தால் பல சலுகைகள் திறக்கும்.

சீட்டுக்காகக் காத்திருக்கவே கூடாத இரண்டு நிலைமைகளைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு குழந்தை ஒரு காலையோ கையையோ அசைக்காமல் போட்டிருந்து, தொட்டாலே அலறினால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஒரே நாளில் மூட்டைக் கெடுத்துவிடும், 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று, மரத்திலிருந்தோ திண்ணையிலிருந்தோ விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிவது. இதற்கு இறுக்கமாக நாட்டுக்கட்டு போட்டால் கைக்கு ரத்தம் போகாமல் விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே கட்டு போட்டு, விரல் வீங்கி, நீட்டினால் உயிர்போகிற மாதிரி பிள்ளை அழுதால், கட்டைத் தளர்த்திவிட்டுக் கிளம்புங்கள். வைத்தியர் கோபித்துக்கொள்வாரே என்று பார்க்காதீர்கள்.

பெரிய ஆபரேஷன் என்று வந்து, தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை அது ஏற்கும். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இல்லாமல் அல்லாடியவர்கள் பலர். பிறப்புச் சான்றிதழ் வந்த வாரத்திலேயே பெயரைச் சேர்த்துவிடுங்கள். சேரும் முன்னாலேயே அந்த மருத்துவமனை எலும்புச் சிகிச்சைக்கு இந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒப்புதல் வந்தபின் தேதி வையுங்கள். ஒப்புதல் வந்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணில் சொல்லலாம், அழைப்புக்குக் காசு இல்லை. சாலை விபத்து என்றால் அட்டையே வேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

வாராவாரம் மதுரைக்கு வந்துபோக முடியாத குடும்பங்களுக்குப் பயிற்சி பக்கத்திலேயே கிடைக்கும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் 18 வயது வரை உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு பிசியோதெரபி உண்டு, நடமாட முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லித் தருவார்கள். மேலூரோ சேடப்பட்டியோ கள்ளிக்குடியோ, உங்கள் ஒன்றியத்து மையத்தில் பிசியோதெரபிஸ்ட் எந்தக் கிழமை வருகிறார் என்று அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். முதல் தடவை போகும்போது ஓ.பி. சீட்டு, பழைய எக்ஸ்ரே, குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு மஞ்சப்பை, கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது. தங்கை மகனுக்கு இப்போது மூன்றரை வயது, ராத்திரி பூட்ஸ் போடச் சொன்னால் அவனே காலை நீட்டுகிறான்.