காது போன பிறகு எழுதிய மனு

வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு மாதக்கணக்கில் கானமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் செவித்திறனைச் சோதிப்பது, செவித்திறன் வல்லுநரான எனக்கு ஒரு காலத்தில் அன்றாட வேலையாக இருந்தது. உட்செவியில் காக்லியா எனப்படும் நத்தைச்சுருளுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்களை அந்த மருந்து அழித்துவிடும்; மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. சேதம் 8000 ஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்களில் தொடங்குவதால், எதிரே இருப்பவர் பேசுவது கேட்கிற வரையில் நோயாளிக்குச் சந்தேகமே வராது. ‘கொஞ்சம் இரைச்சல்தான், மேடம்’ என்பார்கள். செவித்திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமின் கோடு வலது ஓரத்தில் சரிந்திருப்பதை நான் காட்டும்போது, ஊசியை நிறுத்தினால் உயிருக்கும் தொடர்ந்தால் காதுக்கும் ஆபத்து என்ற இடத்தில் அவர்கள் நிற்பார்கள்.

அதே ஊசியால் செவியை இழந்த இரண்டு இளம்பெண்களைப் பற்றி எங்கள் துறையினர் இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கயெலிட்ஷாவைச் சேர்ந்த புமேசா டிசிலேவுக்கு 2010இல் காசநோய் கண்டறியப்பட்டது; குணமாவதற்குள் அவர் ஏறத்தாழ 20,000 மாத்திரைகளை விழுங்கினார். மும்பையின் நந்திதா வெங்கடேசன் குடற்காசநோயால் இருமுறை பாதிக்கப்பட்டு, 2013இல் கேட்கும் திறனை இழந்தார். அவர் பரதநாட்டியம் ஆடுபவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊசியின் இடத்தைப் பிடிக்கக்கூடிய பெடாகுயிலின் மாத்திரைக்கு அமெரிக்கா 2012 டிசம்பரிலேயே அனுமதி அளித்திருந்தது. அதற்கு இதயத்துடிப்பைக் கண்காணிக்க வேண்டும் என்றாலும், காதை அது தொடுவதில்லை. தடையாக இருந்தவற்றில் முக்கியமானது விலை. 2018இல் ஏழை நாடுகளுக்கான ஆறு மாதச் சிகிச்சையின் விலை 400 டாலர். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் போகக் கூடாது என்று நோயாளர் இயக்கங்கள் கேட்டன. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. ஆனால், அதே மருந்தின் ஃபூமரேட் என்ற உப்பு வடிவத்துக்கு இந்தியாவில் தனிக் காப்புரிமை கிடைத்திருந்தால், போட்டி மருந்துகள் வருவது 2027 வரை தள்ளிப்போயிருக்கும்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவின்படி, காப்புரிமை வழங்கப்படும் முன் எவரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம்; கொடுப்பவர் போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. அறிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலனைக் காட்டாவிட்டால் அதற்குக் காப்புரிமை இல்லை என்கிறது 3(டி) பிரிவு. இந்த வழி ஏற்கெனவே நடந்து பழகியதுதான். மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் மற்றவர்களும் எதிர்த்ததன்பேரில், கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்த நிராகரிப்பை உறுதிசெய்தது.

பெடாகுயிலினின் ஃபூமரேட் உப்புக்கான விண்ணப்பத்தை எதிர்த்து நந்திதாவும் புமேசாவும் 2019இல் மனு கொடுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் அமைப்பு ஒன்று அவர்களுக்கு முன்பே அதே விண்ணப்பத்தை எதிர்த்திருந்தது. உலகக் காசநோய் நாளுக்கு முந்தைய நாளான 2023 மார்ச் 23 அன்று, காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. மனு மட்டுமே விலையைக் குறைத்தது என்று சொல்வது மிகையாகும். மற்ற நாடுகளிலும் அந்த நிறுவனத்தின்மீது அழுத்தம் இருந்தது. ஆனாலும் இந்திய ஆலைகளுக்குக் கதவு திறந்ததும் ஒரு காரணமாக, காசநோய் மருந்துகளை நாடுகளுக்கு வாங்கித் தரும் உலக மருந்து வசதியகம் 2023 ஆகஸ்டில் ஆறு மாதச் சிகிச்சைக்கு 130 டாலர் விலையை அறிவிக்க முடிந்தது. இயக்கங்கள் கேட்டதைவிட அது குறைவு.

2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளின்படி, அதுவரை கட்டணமின்றி இருந்த இந்த எதிர்ப்பு மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. மனு விசாரணைக்கு ஏற்றதா என்பதைக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முதலில் தீர்மானிப்பார். அடுத்த மருந்துக்காக மனு எழுத உட்காரும் நோயாளி, தன் ஆடியோகிராமோடு அந்தக் கட்டணத்தையும் எடுத்துச்செல்ல வேண்டும்.