பயிற்சியாளரை மாற்றினால் அணி மீளுமா?

தொடர் தோல்விகளுக்குப் பின் பயிற்சியாளரை நீக்கிய கால்பந்து அணி, அடுத்த சில ஆட்டங்களில் முன்னைவிட நன்றாக ஆடுவது பலரும் கண்டதே. மாற்றத்துக்கு முந்தைய, பிந்தைய ஆட்டங்களின் புள்ளிகளை ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதையும் புதியவரின் கணக்கில் சேர்ப்பது விளையாட்டு மேலாண்மை ஆய்வில் எளிதில் நேரும் பிழை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 35 விழுக்காடு, சமன் செய்ய 30, தோற்க 35 விழுக்காடு வாய்ப்புள்ளது என்று கொள்வோம். வெற்றிக்கு 3, சமனுக்கு 1 என்றால் அதன் சராசரி 1.35 புள்ளி. 38 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அது எங்கேனும் தொடர்ந்து நான்கு முறை தோற்கும் வாய்ப்பு 30 விழுக்காட்டை நெருங்குகிறது. 20 அணிகளும் இப்படிச் சமபலத்துடன் இருந்தாலும், ஐந்தாறு அணிகள் தற்செயலாகவே அந்தச் சரிவைச் சந்திக்கும். அதன்பின் யார் பயிற்சியளித்தாலும், எதிர்பார்க்கத்தக்கது அதே 1.35தான், ஆனால் நான்கு தோல்விகளின் சுழியப் புள்ளியிலிருந்து பார்க்கும் நிர்வாகிக்கு அது பெரும் மீட்சியாகத் தெரியும்.

சராசரிக்குத் திரும்பும் இப்போக்கைப் பிரித்தானிய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயர அளவுகளைக் கொண்டு விளக்கினார். பயிற்சியாளர் நீக்கத்தில் அது கூடுதல் வலுவுடன் செயல்படுகிறது. ஏனெனில் நீக்கம் தற்செயலான நாளில் அன்றி, ஆட்டம் மிகத் தாழ்ந்த தருணத்தில்தான் நிகழ்கிறது.

ஆகவே, அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளை ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ள வேண்டும். நெதர்லாந்தின் உயர்நிலைக் கால்பந்துத் தரவுகளை இவ்வாறு ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, நீக்கத்தால் ஆட்டம் மேம்பட்டதற்குச் சான்று காணவில்லை. எதிரணியின் வலிமையையும் சொந்த மைதானச் சாதகத்தையும் கணக்கில் சேர்ப்பது இதற்கடுத்த படி. அது பெரும்பாலும் செய்யப்படுகிறது.

அதிகம் தவறவிடப்படுவது வேறொன்று. ஒரே அணியின் பத்து ஆட்டங்கள் பத்துத் தனித்தனிச் சான்றுகள் அல்ல. காயமுற்ற வீரர்களும் நிதிநிலையும் அவற்றைப் பிணைக்கின்றன. ஆட்டங்களை அணிவாரியாகத் தொகுத்துத் திட்டப் பிழையை, அதாவது மதிப்பீடு தற்செயலால் எவ்வளவு மாறக்கூடும் என்ற அளவைக் கணிக்காவிட்டால், முடிவு உள்ளதைவிட உறுதியாகத் தோன்றும். மாற்றத்துக்குப் பின் ஐந்து ஆட்டங்களைப் பார்ப்பதா, பதினைந்தையா என்பதையும் தரவைத் திறக்கும் முன்பே எழுதிப் பதிவுசெய்துவிட வேண்டும். பின்னர் தேர்ந்தெடுத்தால், விரும்பிய விடையைத் தரும் கால அளவே கட்டுரையில் இடம்பெறும்.